பேக்எண்ட் வரும் முன்பே ஃபிரண்ட்எண்ட்: மாக் டேட்டாவை வைத்து ஒரு நூலகத் தளம் கட்டிய அனுபவம்

ஒரு நூலகத்தின் உறுப்பினர்களுக்கான இணையதளத்தில் ஃபிரண்ட்எண்ட், அதாவது உறுப்பினர் திரையில் பார்த்துப் பயன்படுத்தும் பகுதி முழுவதும் எங்கள் சிறு குழுவின் பொறுப்பில் இருந்தது. புத்தகம் தேடுவது, முன்பதிவு செய்வது, கையில் இருக்கும் புத்தகங்களின் பட்டியல், திருப்பித் தர வேண்டிய தேதி, கணக்கு விவரம், இவ்வளவுதான் தளம். பேக்எண்ட், அதாவது தரவைச் சேமித்து அனுப்பும் சர்வர் பகுதியைக் கட்டும் குழுவும் அதே நேரத்தில்தான் வேலையை ஆரம்பித்தது. பழைய தரவுத்தளத்தில் இருந்ததையெல்லாம் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை அவர்களுக்கு முன்னால் இருந்ததால், பயன்படுத்தும் நிலையில் ஏபிஐ (நாங்கள் தரவைக் கேட்டு வாங்கும் முகவரிகள்) வர மாதக்கணக்கில் ஆகும் என்பது முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. அதுவரை சும்மா இருக்க முடியாது. மாக் டேட்டாவை, அதாவது போலித் தரவை வைத்து முழுத் தளத்தையும் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

மாக் டேட்டா என்றதும் பலரும் நினைப்பது, திரையை நிரப்ப நாலு அழகான பதிவுகள் என்றுதான். அது டிசைனை மட்டும் காட்டப் போதும். தளத்தைக் கட்ட வேண்டும் என்றால், அந்தப் போலித் தரவு உண்மையான சர்வர் கொடுக்கும் தொல்லைகள் அத்தனையையும் கொடுக்க வேண்டும். எங்களுக்குப் பலன் கிடைத்தது அங்கேதான்.

போலியை எங்கே வைப்பது

சுலபமான வழி, கம்போனென்ட்டுக்குள்ளேயே (பக்கத்தின் ஒரு பகுதியை வரையும் நிரல்துண்டு) ஒரு பட்டியலை எழுதி வைப்பது. பக்கம் சீக்கிரம் திரைக்கு வந்துவிடும். ஆனால் அங்கே கோரிக்கை என்ற ஒன்றே கிடையாது. காத்திருப்பு இல்லை, பிழை இல்லை, 'ஏற்றப்படுகிறது' என்ற நிலையும் இல்லை. ஏபிஐ வந்த பிறகு அந்தக் கம்போனென்ட்டை ஏறக்குறைய முதலிலிருந்து எழுத வேண்டிவரும். இதைவிட மேலானது, தரவு எடுக்கும் ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வைத்து, அவற்றின் உள்ளே போலிப் பதிலைத் திருப்பி அனுப்புவது. பரவாயில்லை, ஆனாலும் யூஆர்எல் சரியாக உருவாகிறதா, ஹெடர் (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) சரியாகப் போகிறதா, வந்த பதிலைப் பிரிக்கும் இடம் சரியா என்பதெல்லாம் சோதிக்கப்படாமலே கிடக்கும்.

நாங்கள் போலியை நெட்வொர்க்கின் வாசலில் வைத்தோம். நம் நிரல் வழக்கம்போல பிரவுசரின் ஃபெட்ச் வழியாகத் தரவைக் கேட்கும். கோரிக்கை பக்கத்தை விட்டு வெளியே போகும்போது அதை வழியிலேயே பிடித்துப் பதில் கொடுப்பது மாக் சர்வீஸ் ஒர்க்கர் என்ற கருவி. பிரவுசரில் பக்கத்துக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்கும் சர்வீஸ் ஒர்க்கர் வசதியைத்தான் அது பயன்படுத்துகிறது. அதனால் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பலகையில் கோரிக்கையும் பதிலும் உண்மையானவை போலவே தெரியும். நம் நிரலுக்கு எதிரே இருப்பது போலியா நிஜமா என்று தெரியாது, தெரியவும் கூடாது.

இதை முதல்முறை அமைப்பவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். ஒர்க்கர் எழுந்து தயாராகச் சிறிது நேரம் எடுக்கும், அது தயாரான பிறகுதான் தளத்தைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பக்கம் திறந்ததும் போகும் முதல் கோரிக்கை நழுவிப்போய், சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் இல்லை என்ற குழப்பம் வரும். அடுத்தது, லோக்கல்ஹோஸ்ட் (நம் சொந்தக் கணினியின் முகவரி) தவிர மற்ற முகவரிகளில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் சர்வீஸ் ஒர்க்கர் இயங்காது. உங்கள் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பக்கத்து மேசைக்காரரின் மொபைலில் திறந்தால் மாக் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். மூன்றாவது, நாம் கையாளாத கோரிக்கை வந்தால் இந்தக் கருவி இயல்பாக ஓர் எச்சரிக்கையை மட்டும் கன்சோலில் எழுதும். அதைப் பிழையாக மாற்றி வைத்துவிடுங்கள். யூஆர்எல்லில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே தெரியும். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பல முதல் பதிப்பின் எழுத்துமுறையில் இருக்கும். 2023 அக்டோபரில் வந்த இரண்டாம் பதிப்பில் அது மாறிவிட்டது, பார்த்து எடுங்கள்.

சின்ன வேலைக்கு ஜேசான் சர்வர் என்ற கருவி போதும். ஜேசான் என்ற தரவு வடிவத்தில் ஒரே ஒரு கோப்பைக் கொடுத்தால், அதைப் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க முகவரிகளைத் தானே உருவாக்கித் தரும். ஜேசான்பிளேஸ்ஹோல்டர் போன்ற பொதுத் தளங்களில் 100 பதிவுகளும் 10 பயனர்களும் தயாராக இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் அந்தத் தரவின் வடிவம் உங்கள் தளத்தின் வடிவம் இல்லை என்பதால் வேலைக்கு உதவாது.

முதலில் ஒப்பந்தம்

நமக்குத் தோன்றிய வடிவத்தில் தரவை எழுதிக்கொண்டு போனால், கடைசியில் இரண்டு குழுக்களிடமும் இரண்டு வெவ்வேறு தளங்கள் இருக்கும். அதனால் ஒரு வரி மாக் எழுதும் முன்பே பேக்எண்ட் குழுவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு முகவரிக்கும் என்ன அனுப்புவது, என்ன திரும்ப வரும் என்பதை, ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓபன்ஏபிஐயில் எழுதினோம். இந்த உட்காரல் இல்லாமல் போயிருந்தால் மற்றதெல்லாம் வீண்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கேள்விகள் கிளம்பின. ஆசிரியர் பெயர் ஒரு சொற்றொடரா, பட்டியலா? தொகுப்பு நூல்களுக்குப் பலர் இருப்பார்கள், பட்டியல் என்று முடிவானது. ஆசிரியர் தெரியாத பழைய நூலுக்கு? காலிப் பட்டியல் வரும், 'நல்' (மதிப்பே இல்லை என்னும் குறி) வராது, அந்தப் புலமே விடுபடவும் செய்யாது. அட்டைப்படம் இல்லாத நூலுக்கு மட்டும் 'நல்' வரும். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் காலிச் சொல், 'நல்', விடுபட்ட புலம் மூன்றையும் ஒரே ஏபிஐ கலந்து அனுப்பினால் ஃபிரண்ட்எண்டில் ஒவ்வோர் இடத்திலும் மூன்று சோதனை எழுத வேண்டியிருக்கும்.

ஐடிக்கு அவர்கள் 64 பிட் எண் வைத்திருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்டில் முழு எண்கள் 9007199254740991 வரைதான் பாதுகாப்பானவை. 9007199254740993 என்று சர்வர் அனுப்பினால், பிரித்த பிறகு 9007199254740992 ஆகிவிடும். எந்தப் பிழையும் வராது, வேறொரு புத்தகத்தின் பக்கம் திறக்கும். சின்ன எண்களை வைத்து மாக் எழுதியிருந்தால் இது வெளியீடு வரை தெரிந்தே இருக்காது. ஐடி எல்லாம் சொல்லாகவே வரும் என்று எழுதிக்கொண்டோம்.

தேதியும் அப்படித்தான். 2024-03-05 என்று வெறும் தேதி வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. யூடிசிக்குப் பின்தங்கிய நேர வலயத்தில் இருப்பவருக்குத் திரையில் 4ஆம் தேதி தெரியும். நேரத்தையும் சேர்த்து, வலயத்தைக் குறிப்பிடாமல் அனுப்பினாலோ அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். திருப்பித் தரும் தேதி ஒரு நாள் தவறினால் அபராதம் வரை போகும் விஷயம். அதனால் நாள் மட்டும் முக்கியமான இடத்தில் வெறும் தேதி, அதை நேரப் பொருளாக மாற்றாமலே காட்டுவது. நொடி முக்கியமான இடத்தில் வலயத்தோடு கூடிய நேரம் என்று பிரித்துவிட்டோம்.

இந்த ஒப்பந்தக் கோப்பிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் வகைகளை (எந்தப் புலத்தில் எப்படிப்பட்ட தரவு என்று சொல்லும் வரையறைகள்) தானாகவே உருவாக்கலாம். அந்த வகைகளையே பக்கங்களும் பயன்படுத்தின, மாக் பதில்களும் பயன்படுத்தின. ஒப்பந்தத்தில் ஒரு புலத்தின் பெயர் மாறினால் இரண்டு இடத்திலும் சிவப்புக் கோடு விழும். மாக் டேட்டா பழசாகிப் போவதுதான் அதன் பெரிய வியாதி. அதற்கு எங்களிடம் இருந்த மருந்து இதுதான்.

அழகில்லாத தரவு

எண்ணிக்கைக்கு, போலிப் பெயரும் எண்ணும் உருவாக்கித் தரும் ஃபேக்கர் லைப்ரரி நல்லது. 2022 ஜனவரியில் அதை முதலில் உருவாக்கியவரே அதன் நிரலைக் கெடுத்து வெளியிட்ட பிறகு, சமூகம் தனியாக எடுத்து நடத்தும் பதிப்புதான் இப்போது எல்லோரும் பயன்படுத்துவது. அதில் விதை எண் ஒன்றைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே பெயர்கள், அதே எண்கள் வரும். கொடுக்காவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தரவு மாறும், "நேற்று ஒரு தலைப்பு பெட்டியை விட்டு வெளியே வந்ததே" என்று யாராவது சொன்னால் அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. விதை கொடுத்தாலும் தேதிகள் நகரும், ஏனென்றால் அவை 'இப்போது' என்பதிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அடிப்படைத் தேதி ஒன்றையும் நிலையாக வைக்க வேண்டும்.

ஆனால் ஃபேக்கர் தரும் பெயர்கள் ஒழுங்கானவை. தொல்லை தரும் பதிவுகளைக் கையால்தான் எழுத வேண்டும். மூன்று வரிக்கு நீளும் தலைப்பு, நடுவில் இடைவெளியே இல்லாத தலைப்பு, ஒற்றை எழுத்துத் தலைப்பு, பதினைந்து ஆசிரியர்கள், ஆசிரியரே இல்லாதது, அட்டைப்பட முகவரி இருந்தும் 404 (கிடைக்கவில்லை) தருவது, இடமிருந்து வலமாக எழுதாத மொழியின் நூல், தலைப்புக்குள் எச்டிஎம்எல் குறிகள் உள்ளது. இவை தேடல் பக்கத்தின் முதல் திரையிலேயே வரும்படி வைத்தோம். கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு ஒரு தமிழ்த் தலைப்பு. பட்டியலில் நீளமான தலைப்பை வெட்டிப் புள்ளி வைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் வேறொரு வேலையிலிருந்து வந்திருந்தது. 'கடற்கரை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு க, ட, ற், க, ரை என்று ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டுக்கு அதன் நீளம் 7, ஏனென்றால் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி அலகுகள். ஆறாவது இடத்தில் வெட்டினால் 'கடற்கர' என்று நிற்கும். மூன்றாவது இடத்தில் வெட்டினால் 'ற்' தன் புள்ளியை இழந்து 'கடற' ஆகும். ஆங்கிலத் தலைப்புகளை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் ஒரு பிழையும் தெரிந்திருக்காது. திரையில் சுருக்குவதை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிடமே விட்டுவிட்டோம், கட்டாயம் வெட்ட வேண்டிய இடத்தில் எழுத்து எல்லை பார்த்துப் பிரிக்கும் இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்தினோம்.

அதே தரவில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகவும் பதிந்து வைத்தோம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே இருக்காது, ஆனால் தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. யூனிகோட் இயல்பாக்கம் (இரண்டு விதப் பதிவையும் ஒரே வடிவமாக்குவது) தேவை என்பதை பேக்எண்ட் குழு தங்கள் தேடலை எழுதும் முன்பே இந்தப் பதிவுகளைக் காட்டிச் சொல்ல முடிந்தது.

நேரத்தையும் போலியாக்க வேண்டும்

உடனே பதில் தரும் மாக், ஃபிரண்ட்எண்டைக் கெடுத்துவிடும். மாக் சர்வீஸ் ஒர்க்கரில் தாமதத்துக்கென்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு எண் எதுவும் கொடுக்காவிட்டால் பிரவுசரில் 100 முதல் 400 மில்லிநொடிக்குள் ஏதோ ஒரு நேரம் எடுத்துக்கொள்ளும். முடிவே இல்லாமல் காத்திருக்கச் சொல்லவும் முடியும். 'ஏற்றப்படுகிறது' திரையை டிசைனரோடு உட்கார்ந்து சரிசெய்ய அது ரொம்ப வசதி.

தேடல் பெட்டிக்கு மட்டும் தனித் தாமதம் வைத்தோம்: தேடும் சொல் எவ்வளவு சிறியதோ, பதில் அவ்வளவு தாமதம். ஏன் என்றால், ஒருவர் 'கடல்' என்று தட்டும்போது 'க' என்பதற்கு ஒரு கோரிக்கை போகும், 'கட' என்பதற்கு ஒன்று, அப்புறம் முழுச் சொல்லுக்கு ஒன்று. 'க' என்பதற்கு ஆயிரக்கணக்கான நூல்கள் பொருந்தும் என்பதால் உண்மையான சர்வரிலும் அதுதான் நேரம் எடுக்கக்கூடியது. முழுச் சொல்லின் பதில் முதலில் வந்து, சரியான பட்டியல் தெரியும். ஒரு நொடி கழித்து 'க' உடைய பதில் வந்து அதன்மேல் விழும். பெட்டியில் 'கடல்', கீழே கண்ணாடி, கணிதம், கதைகள். எங்கள் மாக்கில் இது ஒவ்வொரு முறையும் நடந்தது, அதனால் சரிசெய்வதும் சுலபமாக இருந்தது. தட்டி முடிக்கும்வரை சற்றுப் பொறுத்துக் கோரிக்கை அனுப்புவது கோரிக்கைகளைக் குறைக்கும், வரிசை மாறுவதை நிறுத்தாது. புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதை அபார்ட் கன்ட்ரோலர் வைத்து ரத்து செய்ய வேண்டும்.

முன்பதிவு பொத்தானுக்கு மூன்று நொடித் தாமதம் கொடுத்தோம். அந்த மூன்று நொடியில் யாரும் சும்மா இருப்பதில்லை, திரும்பவும் அழுத்துவார்கள். இரண்டாவது கோரிக்கைக்கு மாக் 409 கொடுக்கும், 'ஏற்கெனவே முன்பதிவு செய்யப்பட்டது' என்று. தன் முன்பதிவு நடந்துவிட்ட ஒருவருக்குப் பிழைச் செய்தி காட்டுவது எவ்வளவு மோசம் என்று திரையில் பார்த்த பிறகுதான், பொத்தானை முடக்குவது மட்டும் போதாது, ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் சர்வர் அதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு சாவி அனுப்ப வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது ஒப்பந்தத்திலும் ஏறியது.

பிழைகளுக்கு ஒரு பலகை

ஃபெட்ச் பற்றி ஒன்று: சர்வர் 404 கொடுத்தாலும் 500 (சர்வர் பிழை) கொடுத்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாகக் கருதாது. இணைப்பே கிடைக்காதபோதுதான் அது பிழை எறியும். எனவே பதிலின் நிலையை நாமே பார்க்க வேண்டும். முன்பதிவை ரத்து செய்தால் 204 வரும், அதில் உள்ளடக்கம் எதுவும் இருக்காது. அதை ஜேசானாகப் பிரிக்கப் போனால், வெற்றியடைந்த கோரிக்கை திரையில் தோல்வியாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் 200 (சரி) கொடுக்கும் மாக்கில் இவை ஒன்றும் தலைகாட்டாது.

பிழைகளை நிரலில் மாற்றி மாற்றிப் பார்ப்பது சலிப்பான வேலை, அதனால் யாரும் செய்ய மாட்டார்கள். டெவலப்மென்ட்டில் மட்டும் தெரியும் ஒரு சின்னப் பலகையைத் திரையின் மூலையில் வைத்தோம். காலிப் பட்டியல், ஒரே ஒரு பதிவு, மெதுவான சர்வர், சர்வர் பிழை, நடுவில் முடிந்துபோகும் லாகின், இணைப்பு துண்டிப்பு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மாக் அப்படி நடந்துகொள்ளும். தேர்வு யூஆர்எல்லிலும் ஏறிவிடும், அதை நகலெடுத்து யாருக்கு அனுப்பினாலும் அதே நிலையைப் பார்ப்பார்கள்.

இந்தப் பலகையை டெவலப்பர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். ஒரு புத்தகம்கூட எடுக்காத புதிய உறுப்பினருக்கு எந்தத் திரையும் வரையப்படவில்லை என்பதை டிசைனர் இதில்தான் பார்த்தார். சோதனைக் குழு, பேக்எண்ட் இல்லாமலே தங்கள் சோதனைப் பட்டியலில் பெரும்பகுதியை முடித்தது. ஃபிரண்ட்எண்ட் தனியாக வேலை செய்கிறது என்பதன் பலன் எங்கள் குழுவைத் தாண்டியும் போனதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மாக் எவ்வளவு புத்திசாலியாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில்: நினைவு வேண்டும், அறிவு வேண்டாம். முன்பதிவு செய்தால் அடுத்துப் பட்டியல் கேட்கும்போது அது இருக்க வேண்டும், அதற்கு நினைவகத்தில் ஒரு சிறு சேமிப்பு போதும். ஆனால் அபராதக் கணக்கு, யாருக்கு எத்தனை புத்தகம், வரிசையில் யார் முதலில் என்ற விதிகளை மாக்கில் எழுத ஆரம்பித்தால் அது இன்னொரு பேக்எண்ட் ஆகிவிடும். அபராதம் 0, அபராதம் உண்டு என்று இரண்டு பதிவுகளை வைத்தால் திரைக்கு அதுவே போதும்.

உண்மையான சர்வருக்கு மாறும்போது

சில விஷயங்களை மாக் ஒருபோதும் காட்டாது. வேறு முகவரியில் உள்ள சர்வரிடம் கேட்கும்போது பிரவுசர் போடும் கோர்ஸ் கட்டுப்பாடு அவற்றில் முதலாவது: கோரிக்கை வெளியே போகாததால் பிரவுசரின் முன்சோதனைக் கோரிக்கையும் நடப்பதில்லை. குக்கீயின் சேம்சைட் அமைப்பு (வேறு தளத்திலிருந்து கேட்டால் குக்கீ போகுமா என்பது), உண்மையான தரவின் அளவு, சர்வர் வரிசைப்படுத்தும் அகரவரிசை இவையும் அப்படியே. அதனால் பேக்எண்டிடம் முதலில் கேட்டது லாகின் முகவரி ஒன்றை மட்டும்தான், அதுவும் எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் சரி என்று. சிக்கலான இணைப்பு விஷயங்கள் அத்தனையும் அந்த ஒன்றிலேயே வெளிவந்துவிடும்.

அதன்பிறகு ஒவ்வொரு முகவரியாகத்தான் மாற்றினோம். ஒரு முகவரி தயாரானதும் அதற்கான மாக்கை எடுத்துவிட்டு, கோரிக்கையை அப்படியே வெளியே போகவிடும் வசதியைப் பயன்படுத்தினோம். மற்றவை மாக்கிலேயே ஓடின. தேடல் நிஜம், முன்பதிவு போலி என்ற கலவையில் பல நாள் வேலை நடந்தது. ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றினால் எந்தப் பிழை யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

ஒப்பந்தத்தை இரண்டு பக்கமும் காப்பாற்றுகிறதா என்று பார்க்க பிரிசம் கருவியை நடுவில் வைத்தோம். ஓபன்ஏபிஐ கோப்பிலிருந்து மாக் சர்வர் நடத்தவும் அதனால் முடியும். எங்களுக்கு உதவியது அதன் பிராக்ஸி முறை: உண்மையான சர்வருக்கும் நமக்கும் நடுவில் நின்று, கடந்துபோகும் கோரிக்கையும் பதிலும் ஒப்பந்தத்தின்படி இருக்கின்றனவா என்று சொல்லும். ஆசிரியர் இல்லாத நூல்களுக்குக் காலிப் பட்டியலுக்குப் பதிலாக அந்தப் புலமே விடுபட்டு வந்ததை அதுதான் பிடித்தது. ஒப்பந்தம் எழுதிய நாளில் பேசி முடித்த விஷயம் என்பதால், யார் திருத்துவது என்ற வாக்குவாதம் இல்லாமல் அன்றே சரியானது.

வெளியீட்டுக்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: மாக் நிரல் இறுதி பில்டுக்குள் (வெளியிடும் தொகுப்பு) போகக் கூடாது. டெவலப்மென்ட் நிலை என்றால் மட்டும், டைனமிக் இம்போர்ட் (தேவைப்படும்போது மட்டும் நிரலை ஏற்றுவது) மூலம் மாக்கை ஏற்றினால் பில்ட் கருவி அதை வெட்டி எறிந்துவிடும். ஒர்க்கர் கோப்பு பொதுக் கோப்புறையில் இருப்பதால் பில்டோடு சேர்ந்து போகும், அதைத் தனியாக நீக்க வேண்டும். உண்மையான பதில்களைப் பதிவுசெய்து மாக்காக மாற்றுபவர்கள், கோப்பைச் சேமிக்கும் முன்பே பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், டோக்கன் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நிரலின் பழைய பதிப்புகளையும் காக்கும் கிட்டில் ஒருமுறை ஏறினால் வரலாற்றில் அது தங்கிவிடும்.

தளம் வெளியான பிறகும் மாக்குகளை நாங்கள் நீக்கவில்லை. அதே மாக் நிரல்கள், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் சூழலிலும் ஓடும் என்பதால் தானியங்கிச் சோதனைகள் இன்றும் அவற்றின்மேல்தான் நடக்கின்றன. புதிதாகச் சேருபவர் நிரலை இறக்கி, இன்ஸ்டால் செய்து, தரவுத்தளமோ கடவுச்சொல்லோ இல்லாமல் முழுத் தளத்தையும் தன் கணினியில் ஓட்டிவிடலாம். தளத்தில் ஒரு பிழை வந்தால், அதை உண்டாக்கிய பதிலின் வடிவத்தை மாக்கில் ஒரு பதிவாகச் சேர்த்துவிட்டுத்தான் திருத்தத்தை எழுதத் தொடங்குகிறோம்.